புகைபோக்கியை உயர்த்தினால் போதுமா?

கேள்வி: அமில மழையில் நனைந்தால் தோல் வெந்துவிடும் என்கிறார்களே, நிஜமா?

பதில்: இல்லை. சாதாரண மழைநீரே லேசான அமிலம்தான். காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு அதில் கரைவதால் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.6 வாக்கில் நிற்கும் (எண் குறையக் குறைய அமிலம் கூடும்). அமில மழை என்றால் பெரும்பாலும் 4.2, 4.4 என்று வரும். எலுமிச்சைச் சாறு அதைவிடப் பல மடங்கு புளிப்பு, அதைத் தொட்டு நம் கை வெந்துவிடுவதில்லையே! ஆனால் 5.6-க்கும் 4.4-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அளவுகோலில் ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். அப்புறம், மழையாகும் அதே வாயுக்கள் காற்றில் நுண்துகள்களாகவும் மாறி நுரையீரலுக்குள் போகின்றன. மனிதருக்கு ஆபத்து அங்கேதான்.

கேள்வி: ஆலையே இல்லாத இடத்தில் அமில மழை எப்படி?

பதில்: கந்தகம் கலந்த நிலக்கரியை எரித்தாலோ, தாமிரம், நிக்கல் தாதுக்களை உருக்கினாலோ சல்ஃபர் டை ஆக்சைடு வரும். வண்டி எஞ்சினிலும் பாய்லரிலும் உள்ள கடும் வெப்பத்தில் நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகும். இவை மேகத்தில் சல்ஃபியூரிக் அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மாறுகின்றன, அதற்குள் காற்று அவற்றை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போயிருக்கும். இதைக் கணக்கில் எடுக்காமல், உள்ளூர் மக்கள் இருமுகிறார்கள் என்று பல நாடுகளில் புகைபோக்கியை உயர்த்திக்கொண்டே போனார்கள். கனடாவில் நிக்கல் உருக்கும் ஊரான சட்பரியில் 1972-இல் 381 மீட்டரில் ஒன்றைக் கட்டினார்கள். சட்பரியின் காற்று தெளிந்தது, வாயு வேறு ஊர்களில் போய் இறங்கியது. ஸ்வீடன் விஞ்ஞானி ஸ்வான்டே ஓடேன், தங்கள் ஏரிகளில் விழும் கந்தகம் பிரிட்டனிலிருந்தும் மத்திய ஐரோப்பாவிலிருந்தும் வருகிறது என்று 1967-லேயே சொல்லியிருந்தார். உயரத்தைக் கூட்டுவது தீர்வே இல்லை, அடுத்தவர் தலையில் கட்டுவது, அவ்வளவுதான்.

கேள்வி: மழைநீர் கொஞ்சம் புளித்தால் ஏரி மீன்கள் ஏன் சாக வேண்டும்?

பதில்: அமிலம் மட்டுமே கொல்வதில்லை. மண்ணில் அலுமினியம் ஏராளமாக இருக்கிறது, ஆனால் கரையாத வடிவில், யாருக்கும் தொந்தரவில்லாமல். அமில நீர் இறங்கும்போது அது கரைந்து ஓடைக்கும் ஏரிக்கும் வந்து மீனின் செவுள்களில் படிகிறது. செவுளில் சளி கட்டி மூச்சு முட்டுகிறது, உடம்பில் உப்புச் சமநிலையும் கெடுகிறது. பி.எச். 5-ஐத் தொட்டால் பெரும்பாலான மீன் முட்டைகள் பொரிப்பதில்லை. பெரிய மீன்கள் நீந்திக்கொண்டிருப்பதால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும், குஞ்சுகளே இல்லை என்பது சில வருடம் கழித்துத்தான் உறைக்கும். குளிர் நாடுகளில் பனிக்காலம் முழுக்கச் சேர்ந்த அமிலம், பனி உருகும் சில நாட்களில் மொத்தமாக ஏரிக்குள் பாய்கிறது. மீன்கள் முட்டையிடும் காலமும் பல இடங்களில் அதை ஒட்டியே வருகிறது. இன்னொன்று, அமிலம் ஏறிய ஏரி அடிவரை தெரியும் அளவுக்குத் தெளிந்து அழகாக இருக்கும், அந்தத் தெளிவை நம்பாதீர்கள்.

கேள்வி: பழைய சிற்பங்கள் கரைவதற்கும் இதுதான் காரணமா?

பதில்: பெரிய காரணம். பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் சல்ஃபியூரிக் அமிலம் பட்டால் ஜிப்சமாக மாறிப் பொருபொருத்துப் போகும். ஏதென்ஸ் அக்ரோபொலிஸின் பெண் சிலைத் தூண்களை 1979-இல் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, வெளியே நகல்களை நிறுத்த வேண்டியதாயிற்று.

கேள்வி: கட்டுப்படுத்த முடியுமா, இல்லை பேச்சோடு சரியா?

பதில்: முடியும், செய்தும் காட்டிவிட்டார்கள். அனல்மின் நிலையத்தில் புகை வெளியேறும் முன் சுண்ணாம்புக்கல் பொடி கலந்த நீரை அதன்மேல் தெளித்தால் சல்ஃபர் டை ஆக்சைடில் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடலாம், மிஞ்சும் ஜிப்சம் சுவர்ப் பலகை செய்ய உதவும். வண்டிகளுக்கு, புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைத் தீங்கற்ற வாயுவாக்கும் வினையூக்கி மாற்றி, கந்தகம் நீக்கிய டீசல். அமெரிக்கா தன் தூய காற்றுச் சட்டத்தின் 1990 திருத்தத்தில் மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்து, அதற்குள் உமிழும் உரிமங்களை ஆலைகள் தங்களுக்குள் வாங்கி விற்க விட்டது. மின் நிலையங்களின் சல்ஃபர் டை ஆக்சைடு அங்கே 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. காசு செலவாகும் என்று தள்ளிப்போடுகிறவர்களை எனக்குக் கொஞ்சமும் ஏற்க முடியவில்லை, வழி தெரிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன.

கேள்வி: வாயு நின்றதும் காடும் ஏரியும் பழையபடி ஆகிவிடுமா?

பதில்: உடனே ஆகாது. மண்ணிலிருந்து அமிலம் கரைத்துக்கொண்டு போன கால்சியமும் மக்னீசியமும் பாறை மெல்ல மெல்லச் சிதைந்துதான் திரும்பி வரும், அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஸ்வீடனில் ஏரிகளுக்குச் சுண்ணாம்பு போடுகிறார்கள், நீர் மாறிக்கொண்டே இருப்பதால் அதைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1999-இல் ஹெலிகாப்டரிலிருந்து கால்சியம் கனிமத்தைத் தூவிப் பார்த்தார்கள். இழந்த கால்சியம் திரும்பக் கிடைத்ததும் அங்கே மேப்பிள் மரங்கள் தேறின.