வாசகர் கேள்வி – பதில்: ஐரோப்பாவில் மனத்தில் நின்ற இடங்கள்

ஐரோப்பியப் பயணங்களைப் பற்றிய கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்தவற்றுள் தேர்ந்தெடுத்த சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: இரண்டு வாரங்களில் பத்து நாடுகளைக் காட்டும் சுற்றுலாத் திட்டங்களை விளம்பரங்களில் பார்க்கிறோம். ஐரோப்பாவைப் பல முறை சுற்றி வந்தவர் என்ற முறையில் அவற்றைப் பரிந்துரைப்பீர்களா?

பதில்: பரிந்துரைக்க மாட்டேன். ஒரே ஷெங்கன் விசாவைக் கொண்டு இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குள் போய்வர முடியும் என்பதால், எல்லாவற்றையும் ஒரு முறை தொட்டுவிட வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்புதான். ஆனால் என் பயணங்களைத் திரும்பிப் பார்க்கும்போது, அவசரமில்லாமல் நின்று பார்த்த இடங்களே தெளிவாக நினைவில் இருக்கின்றன. பேருந்து நின்ற அரை மணி நேரத்தில் இறங்கிப் பார்த்த சதுக்கங்களும் தேவாலயங்களும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கையில் இரண்டு வாரம் இருந்தால் மூன்று ஊர்கள் போதும். ஓர் ஊரில் முதல் நாள் வழி பழகுவதிலேயே கழிந்துவிடும். இரண்டாம் நாளிலிருந்துதான் அந்த ஊர் கண்ணில் படத் தொடங்கும்.

கேள்வி: உலகப் புகழ் பெற்ற எந்த இடமாவது உங்களுக்கு ஏமாற்றம் அளித்ததா? அருங்காட்சியகங்களுக்குப் போய் வந்தவர்களில் பலர், கூட்டத்தைத் தவிர வேறெதுவும் நினைவில்லை என்கிறார்களே?

பதில்: பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் மோனா லிசா இருக்கும் கூடத்தைச் சொல்வேன். ஓவியத்தின் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. அதைப் பார்க்கக் கிடைக்கும் விதம்தான் மனத்தை வருத்தியது. 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமும் உள்ள அந்தச் சிறிய பலகை ஓவியம் கண்ணாடிக்குப் பின்னால், தடுப்புக்கு அப்பால், உயர்த்திப் பிடித்த கைப்பேசிகளின் காட்டுக்கு நடுவே இருக்கிறது. நகரச் சொல்லும் காவலரின் குரல் கேட்பதற்குள் முகத்தைக்கூட முழுமையாகப் பார்க்க முடிவதில்லை. ஆனால் அதே கூடத்தில், மோனா லிசாவுக்கு நேர் எதிர்ச் சுவரில், இத்தாலிய ஓவியர் வெரோனேசே 1563-இல் முடித்த ‘கானாவூர் திருமணம்’ தொங்குகிறது. ஏறக்குறைய 7 மீட்டர் உயரமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட அந்தத் துணி ஓவியம், வெனிஸ் நகரத்து மடம் ஒன்றின் உணவுக்கூடத்துக்காக வரையப்பட்டது. 1797-இல் நெப்போலியனின் படையினரால் பாரிஸுக்குக் கொண்டுவரப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள் விருந்துண்ணும் அந்த ஓவியத்துக்கு, நான் போன நாளில், ஏறத்தாழ அனைவரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். லூவருக்குப் போகிறவர்கள் ஒரு முறை திரும்பி நில்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஓவியத்தை ஓவியமாகப் பார்க்க வாய்த்த இடம் வியன்னா. அங்குள்ள கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் மூத்த பீட்டர் புரூகலின் ஓவியங்களுக்கென ஒரு கூடம் இருக்கிறது. நடுவே அமர்ந்து பார்க்க இருக்கைகளும் உண்டு. ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ என்ற 1565-ஆம் ஆண்டு ஓவியத்தை அச்சில் எத்தனையோ முறை பார்த்திருந்தும், நேரில் பார்த்தபோதுதான் அதன் சின்னஞ்சிறு விவரங்கள் பிடிபட்டன. வேட்டைக்காரர்கள் தலை தாழ்த்தித் திரும்புகிறார்கள்; அவ்வளவு பேருக்கும் சேர்த்துக் கிடைத்திருப்பது ஒரே ஒரு நரி. நாய்களும் வாலைத் தொங்கவிட்டுச் சோர்ந்து பின்தொடர்கின்றன. இடப்பக்கச் சத்திரத்தின் பெயர்ப் பலகை, ஒரு கொக்கி கழன்று, மற்றொன்றில் சரிந்து தொங்குகிறது. கீழே, வெகு தொலைவில், உறைந்த குளங்களின் மேல் எள்ளளவு மனிதர்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். பசியையும் விளையாட்டையும் ஒரே பலகையில், எதையும் உரத்துச் சொல்லாமல் வைத்திருக்கும் அந்த ஓவியத்தின் முன்னால் ஒரு முற்பகல் முழுவதையும் கழித்ததைப் பெரும் பேறாகக் கருதுகிறேன்.

கேள்வி: பயணத்தின்போது மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? ஒரு நாள் வீண்தானே?

பதில்: ரோம் நகரில் இருந்தால், மழை நாளில் போக வேண்டிய இடம் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில். பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கட்டி முடிக்கப்பட்ட அதன் கவிகை 43 மீட்டருக்கும் சற்று மேற்பட்ட விட்டம் கொண்டது. உள்ளே கம்பி எதுவும் இல்லாத கான்கிரீட்டால் ஆனது. உச்சியில் ஏறத்தாழ 9 மீட்டர் அகலத்துக்கு வட்டத் திறப்பு ஒன்று வானத்தை நோக்கி விடப்பட்டிருக்கிறது. மழை பெய்தால் அதன் வழியே நீர் நேராகத் தரையில் இறங்கும். தரையை நடுவில் மெல்ல மேடாக்கி, பளிங்குக் கற்களில் சிறு துளைகளையும் இட்டிருப்பதால் தண்ணீர் தேங்குவதில்லை. அந்தத் துளைகளில் நீர் வடிவதை, நாள் முழுவதும் நடந்த கால் வலியை மறந்து, குனிந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மழை நாள் வீணாவதில்லை.

கேள்வி: சுவிட்சர்லாந்தில் ரயில் பயணம் மறக்க முடியாதது என்கிறார்கள். எந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: தயக்கமின்றிச் சொல்வேன்: செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் திரானோ வரை செல்லும் பெர்னினா பாதை. 1910-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட இந்தப் பாதையும் இதனுடன் இணைந்த அல்புலா பாதையும் 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. ஒஸ்பிட்சியோ பெர்னினா நிலையம் 2,253 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து, நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், ஏறக்குறைய 430 மீட்டர் உயரத்திலுள்ள திரானோவுக்கு வண்டி இறங்கிவிடுகிறது. இவ்வளவு செங்குத்தான இறக்கத்துக்குப் பல்சக்கரம் எதையும் பயன்படுத்துவதில்லை. சாதாரணத் தண்டவாளத்தில், வளைந்து வளைந்தே சமாளிக்கிறார்கள்.

அந்த மேட்டு நிலையத்தில் கட்டாயம் இறங்கி நில்லுங்கள். பனியாறு கரைத்துக் கொண்டுவரும் நுண்தூளால் வெளிறிய ‘வெள்ளை ஏரி’ ஒருபுறம் கிடக்கிறது. அதன் நீர் தெற்கே இறங்கி ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. சில நிமிட நடைத் தொலைவில் கறுத்த நீருடன் மற்றொரு சிறிய ஏரி. அதன் நீர் இன் ஆற்றில் சேர்ந்து, டான்யூபுடன் கலந்து, கருங்கடலைச் சென்றடைகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள தாழ்ந்த மேட்டில் பெய்யும் மழை எந்தக் கடலுக்குப் போகும் என்பதைச் சில அடித் தூரம்தான் முடிவு செய்கிறது. பிறகு வண்டி இறங்க இறங்கப் பாறை போய்ப் புல்வெளியும், புல்வெளி போய்ச் செஸ்நட் மரங்களும் வருகின்றன. புரூசியோ என்ற ஊரில் உயரத்தைக் குறைப்பதற்காகத் தண்டவாளம் முழு வட்டமாகச் சுற்றி, ஒன்பது வளைவுகள் கொண்ட தன் பாலத்தின் அடியிலேயே நுழைந்து வெளிவருகிறது. கடைசிப் பெட்டியில் அமர்ந்திருந்தால் அந்தச் சுற்றில் என்ஜின் உங்களுக்கு எதிரே ஓடுவதைப் பார்க்கலாம்.

சுற்றுலாப் பயணிகளுக்கென விடப்படும் அகலக் கண்ணாடி ரயிலில் முன்பதிவு கட்டாயம். அதே பாதையில் உள்ளூர் மக்களுக்கான சாதாரண வண்டிகளும் ஓடுகின்றன. நான் அவற்றையே விரும்புவேன். நினைத்த நிலையத்தில் இறங்கி அடுத்த வண்டியைப் பிடிக்கலாம். அப்படி நான் இறங்கிய இடங்களில் மோர்டெராட்ச் நிலையமும் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில் வந்தபோது பனியாற்றின் நுனி அந்த நிலையத்துக்கு அருகிலேயே இருந்தது. இன்று அதைக் காண வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது. நடைபாதை நெடுகிலும், எந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்பதைக் காட்டும் பலகைகளை நட்டிருக்கிறார்கள். ஆண்டுகள் நம் காலத்தை நெருங்க நெருங்க, ஒரு பலகைக்கும் அடுத்ததற்கும் இடையிலான தூரம் கூடிக்கொண்டே போவதை அந்தப் பாதையில் நடந்த என் கால்களே உணர்ந்தன. புவி வெப்பமடைதலைப் பற்றி எவ்வளவோ படித்திருந்தாலும், அன்று ஏற்பட்ட கலக்கம் வேறு.

கேள்வி: பயணத்தில் மகிழ்ச்சியைத்தானே தேடுகிறோம். மனத்தைக் கனக்கச் செய்யும் இடங்களுக்கும் போகத்தான் வேண்டுமா?

பதில்: போக வேண்டும் என்றே நினைக்கிறேன். பெர்லினில் பெர்னவர் வீதிக்குச் சென்று பாருங்கள். 1961 ஆகஸ்ட் 13 அன்று கிழக்கு, மேற்கு பெர்லினுக்கு இடையிலான எல்லை மூடப்பட்டபோது, அந்த வீதியின் ஒரு வரிசை வீடுகள் கிழக்கு பெர்லினைச் சேர்ந்தவை. அவற்றின் வாசலில் இருந்த நடைபாதையோ மேற்கைச் சேர்ந்தது. மக்கள் சன்னல் வழியாகக் குதித்துத் தப்ப முயன்றனர், சிலர் உயிரிழந்தனர். பிறகு சன்னல்கள் செங்கல் வைத்து அடைக்கப்பட்டன. அதன் பின் வீடுகளே இடிக்கப்பட்டன. எல்லைப் பட்டைக்குள் சிக்கிக்கொண்ட தேவாலயத்தை 1985-இல் வெடி வைத்துத் தகர்த்தனர். அதன் இடிபாடுகளை மண்ணுடன் கலந்து எழுப்பிய சிறிய ஆலயம் 2000-ஆம் ஆண்டிலிருந்து அங்கே நிற்கிறது. ஆலயத்தின் சுவரில் பழைய ஓட்டுத் துண்டுகளைக் காணலாம்.

நடைபாதையில் நடக்கும்போது கீழேயும் பார்த்து நடங்கள். நாஜிகளால் கொண்டுசெல்லப்பட்டவர்கள் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீடுகளின் முன்னால், 10 செ.மீ. சதுரப் பித்தளைத் தகடு பொதிந்த கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990-களில் தொடங்கிய இந்தப் பணியில், ஐரோப்பாவெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கற்கள் பதிக்கப்பட்டுவிட்டன. ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன நாள், முடிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு வாசலில் ஒரே குடும்பப் பெயருடன் சில கற்கள் ஒட்டி ஒட்டி இருந்தன. அவற்றில் ஒன்றில், பிறந்த ஆண்டுக்கும் கொண்டுபோன ஆண்டுக்கும் இடைவெளி ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டது. அந்தக் கல்லை மிதித்துவிடாமல் விலகி நடந்தேன்.

கேள்வி: ஐரோப்பாவில் தமிழுடன் தொடர்புடைய இடம் ஏதேனும் உங்களைக் கவர்ந்ததா? பலரும் போகாத இடமாக இருந்தால் நல்லது.

பதில்: ஜெர்மனியின் ஹாலே நகரம். அங்கே பிராங்கே என்ற மதகுரு 1698-இல் அடிக்கல் நாட்டிய ஆதரவற்றோர் இல்லம், பள்ளிகளும் அச்சகமும் நூலகமும் கொண்ட ஒரு சிறு நகரமாகவே வளர்ந்தது. ஹாலேயில் பயின்று, டென்மார்க் அரசரால் அனுப்பப்பட்டு, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, தமிழைக் கற்று, ஓலைச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். தரங்கம்பாடி அச்சகத்துக்கான முதல் தமிழ் எழுத்துகள் ஹாலேயில்தான் வார்க்கப்பட்டன. தமிழ் அறியாத ஜெர்மானியக் கைகள் நம் எழுத்துகளின் சுழிகளை உலோகத்தில் வெட்டின என்பதை அந்த முற்றத்தில் நின்றபடி நினைத்துப் பார்த்தபோது உண்டான நெகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை. தரங்கம்பாடி அச்சகத்தில் தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது.

தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்கு 1713-இல் விரிவாக எழுதி அனுப்பிய நூலை ஹாலேயில் அச்சிட மறுத்துவிட்டார்கள். அது 1867-இல்தான் சென்னையில் வெளியானது. மதம் பரப்பச் சென்றவர் தாம் கண்டதை இவ்வளவு கவனமாகப் பதிவு செய்திருக்கிறாரே என்று வியக்கிறேன். அந்தக் கவனத்தை அனுப்பியவர்கள் மதிக்காததை எண்ணி வருந்துகிறேன்.

கூரையில் முதலை தொங்கும் பழைய அரும்பொருள் கூடத்தில், பதினெட்டாம் நூற்றாண்டு அலமாரிகள் அப்படியே இருக்கின்றன. மிஷனரிகள் தென்னிந்தியாவிலிருந்து அனுப்பிய பொருள்களும் அங்கே உண்டு. 1728-இல் கட்டப்பட்ட நூலகக் கட்டடம், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் மர அடுக்குகளுடன் அதே வளாகத்தில் இருக்கிறது. தமிழ் ஓலைச் சுவடிகள் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றைப் பார்க்க விரும்புகிறவர்கள், எதை, என்ன நோக்கத்துக்காகப் பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றுக்கொள்வது நல்லது. பெர்லினிலிருந்து விரைவு ரயிலில் சென்றால் காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடலாம்.