ஸ்லேட், கூச்சல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டேவிட் போவி பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்த பிறகு, 1970களில் பிரிட்டனில் பளபள உடையும் ஒப்பனையுமாக மேடையேறிய கிளாம் ராக் காலத்துப் பாட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போவி, ரோக்ஸி மியூசிக் எல்லாம் பிடித்திருக்கிறது. ஸ்லேட் குழுவை மட்டும் என்னால் ரசிக்க முடியவில்லை. வெறும் கூச்சல். 1973இல் பிரிட்டனில் இவர்களுக்குத்தான் முதலிடம் என்றால் நம்பவே முடியவில்லை. அப்புறம் இரண்டு மூன்று வருடத்தில் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டார்கள். இப்போது ஒரே ஒரு கிறிஸ்மஸ் பாட்டை வைத்துப் பிழைப்பு நடத்துகிறார்கள். கிட்டார்காரர் இந்த வயதிலும் அதே பேரில் ஊர் ஊராகப் போய் வாசிப்பதைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. உச்சத்தில் இருக்கும்போதே நிறுத்திக்கொள்வதுதானே ஒரு கலைஞனுக்குக் கௌரவம்? இவர்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் விழுந்தார்கள்?

செ. முகிலன்

அன்புள்ள முகிலன்,

போவியையும் ஸ்லேடையும் தராசில் நிறுத்துகிற வேலைக்கு நான் வரவில்லை. போவி பிடித்திருந்தால் போவியைக் கேளுங்கள், யார் வேண்டாம் என்றது? உச்சம், கௌரவம் இதெல்லாம் பேசித் தீராத பேச்சு, அதையும் விடுங்கள். ஆனால் 'வெறும் கூச்சல்' என்றும் 'பிழைப்பு நடத்துகிறார்கள்' என்றும் எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு இடத்தையும் படித்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

காரணம் இருக்கிறது. போன மாதம் இங்கிலாந்தில் ஸ்லேடின் ஊரான வால்வர்ஹாம்ப்டனிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அங்கே படித்த காலத்தில் நான் இரவு வேலைக்குப் போன கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய பெரியவர் இறந்துவிட்டார் என்று அவர் மகள் எழுதியிருந்தார். அதிலிருந்து அவரையும் ஸ்லேடையும்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

அவர் முதலில் பூட்டுத் தொழிற்சாலையில் இருந்தவர். அது மூடியதும் கிடங்குக்கு வந்தார். வலது கை ஆட்காட்டி விரலில் நுனி இருக்காது. நவம்பர் நடுவிலேயே கிடங்கு ரேடியோவில் நீங்கள் சொன்ன அந்தக் கிறிஸ்மஸ் பாட்டு, 'மெர்ரி எக்ஸ்மஸ் எவ்ரிபடி', வந்துவிடும். பாட்டு தொடங்கியதும் அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவார். இரும்பு முனை வைத்த பூட்ஸால் சிமெண்டுத் தரையில் தாளம் மிதிப்பார். கடைசியில் ஸ்லேடின் பாடகர் நாடி ஹோல்டர் 'இட்ஸ் கிறிஸ்மஸ்' என்று அடிவயிற்றிலிருந்து கத்துகிற இடத்தில், அத்தனை பேரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுச் சேர்ந்து கத்துவார்கள். போலந்திலிருந்து வந்தவர், பஞ்சாபிலிருந்து வந்தவர், நான், எல்லோரும்தான். பிறகு மறுபடி பெட்டி தூக்கப் போய்விடுவோம்.

ஒருநாள் டீ நேரத்தில் அவரிடம், இந்தப் பாட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு, "டிரம்ஸை மட்டும் கேள். அதை வாசிக்கும்போது அந்த ஆளுக்குத் தன் பாட்டே ஞாபகத்தில் இல்லை" என்றார்.

அந்தக் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். 1973 ஜூலை 1ஆம் தேதி லண்டன் எர்ல்ஸ் கோர்ட் அரங்கில் ஸ்லேட் வாசித்தது. அவர்களுடைய உச்சம் என்று எல்லோரும் சொல்கிற இரவு. அரங்கம் முழுக்க வெள்ளித்தாளும் கண்ணாடித்துண்டும் ஒட்டிய தொப்பிகள். மூன்றே நாளில், 4ஆம் தேதி, வால்வர்ஹாம்ப்டனில் டிரம்மர் டான் பவலின் கார் மோதியது. கூட இருந்த காதலி, இருபது வயதுப் பெண், இறந்துபோனாள். மண்டையோடு உடைந்து, எலும்புகள் நொறுங்கி, பவல் நினைவில்லாமல் கிடந்தார். கண் விழித்தபோது வாசனையும் ருசியும் போயிருந்தன. அன்றன்றைய நினைவு நிற்கவில்லை. காலையில் செய்தது மத்தியானம் மறந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் டைரியில் எழுதி வைக்கிற பழக்கம் வந்தது, வாழ்நாள் முழுக்க.

வேறு குழுவாக இருந்தால் என்ன செய்திருக்கும்? அவர்கள் வேறு டிரம்மரைத் தேடவில்லை. ஒப்புக்கொண்ட கச்சேரியில், குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜிம் லீயின் சகோதரர் உட்கார்ந்து சமாளித்தார், அவ்வளவுதான். கோடை முடிவதற்குள் நால்வரும் அமெரிக்கா போனார்கள். பவல் கையில் ஊன்றுகோல். டிரம்ஸ் ஸ்டூலில் தூக்கித்தான் உட்காரவைக்க வேண்டும். நியூயார்க்கில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது, ரெக்கார்ட் பிளாண்ட் ஸ்டுடியோவில் இந்தக் கிறிஸ்மஸ் பாட்டைப் பதிவு செய்தார்கள். ஸ்டுடியோவில் கிடந்த ஒரு ஹார்மோனியத்தை இழுத்து வந்து வாசித்தார்கள். கூட்டம் பாடுவது போலக் கேட்க வேண்டும் என்பதற்காகப் பல்லவியைப் பாட ஸ்டுடியோவுக்கு வெளியே இருந்த தாழ்வாரத்துக்குப் போனார்கள். முழுப் பாட்டும் பவலின் நினைவில் நிற்காததால் பகுதி பகுதியாக எடுத்தார்கள். மேடையில் பாட்டின் பேரைச் சொன்னால் பவலுக்குத் தெரியாது. ஆரம்பம் எப்படி என்று யாராவது காதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் போதும், கை தானாகப் போய்விடும். மூளை மறந்ததைக் கையும் காலும் வைத்திருந்தன.

அடுத்த முறை கேட்கும்போது அந்த அடிகளைக் கவனியுங்கள். மெதுவான, கனமான அடி. அலங்காரம் எதுவும் கிடையாது. உங்களுக்கு அது கூச்சலாகக் கேட்டது, முகிலன்.

இந்தக் கூச்சல் என்ற சொல்லை இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இவர்கள் வந்த பகுதிக்குப் பிளாக் கண்ட்ரி என்று பேர். நிலக்கரியும் இரும்பும் புகையும் கொடுத்த பேர். வால்சால் குதிரைச் சேணத்துக்குப் பேர்போன ஊர். பக்கத்து வில்லன்ஹால், நம் திண்டுக்கல் மாதிரி, பூட்டுக்கு. நாடி ஹோல்டரின் அப்பா ஜன்னல் துடைக்கிற தொழிலாளி. சனிக்கிழமைகளில் தொழிலாளர் மன்றத்தில் எழுந்து பாடுவார். மகனும் சின்ன வயதிலேயே அங்கே ஏறிப் பாடியிருக்கிறான். அந்த மாதிரி இடத்தில் பாடுகிறவன் தனியாகப் பாட முடியாது. எதிரே உட்கார்ந்திருக்கிறவர்கள் பல்லவியைப் பிடுங்கிக்கொள்வார்கள். பிடுங்கவில்லை என்றால் பாட்டு எடுபடவில்லை என்று அர்த்தம். ஸ்லேடின் பாட்டுகள் எல்லாமே அப்படிப் பிடுங்கிக்கொள்வதற்காகக் கட்டப்பட்டவை. 1971இல் அவர்களுடைய முதல் முதலிடப் பாட்டு 'காஸ் ஐ லவ் யூ'. அதில் ஜிம் லீ வாசிக்கும் வயலின் இருக்கிறது. இளைஞர் ஆர்கெஸ்ட்ராவில் முறையாக வாசித்த கை. அந்த வயலினுக்கு அடியில் பூட்ஸ் மிதிக்கிற சத்தமும் கைதட்டலும் போகும். இரண்டும் சேர்ந்து கேட்கும்போதுதான் அது ஸ்லேட்.

பாட்டுப் பேர்களை அவர்கள் ஊரில் பேசுகிறபடியே எழுதினார்கள், அகராதிப்படி எழுதவில்லை. பள்ளிக்கூட வாத்தியார்கள் கோபித்துக்கொண்டார்கள், பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று. பேச்சு வழக்கில் கதை எழுதியதற்காகத் திட்டு வாங்கியவர்களின் மொழியில் எழுதுகிறவன் நான். எனக்கு அந்தப் பேர்களைப் பார்த்தாலே மனசு நிறையும். 1973 பிப்ரவரியில் வந்த 'கம் ஆன் ஃபீல் த நாய்ஸ்' வெளிவந்த வாரமே நேராக முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. 1969இல் பீட்டில்ஸுக்குப் பிறகு யாருக்கும் அது நடக்கவில்லை. பேரிலேயே சொல்லிவிட்டார்கள்: இந்தச் சத்தத்தைக் கேட்காதே, உணர்ந்து பார். நீங்கள் ராத்திரி பதினோரு மணிக்கு ஹெட்போனில் தனியாகக் கேட்டிருப்பீர்கள். திருவிழா வெடியை வீட்டுக்குள் கொளுத்திப் பார்த்துவிட்டு நன்றாக இல்லை என்று சொன்னால் என்ன செய்வது?

சரி, ஏன் விழுந்தார்கள். நீங்கள் கேட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். உடை மாறியது, ரசிகர்களுக்கு வயதானது, இதெல்லாம் எல்லாக் குழுவுக்கும் நடப்பது. என் கணிப்பில், அவர்கள் தங்கள் கூட்டத்தை விட்டுப் போனார்கள். கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸை இங்கிலாந்துக்குக் கூட்டிவந்த சாஸ் சாண்ட்லர்தான் இவர்களுக்கும் மேனேஜர். ஆறு முறை முதலிடம் பார்த்தாயிற்று, இனி அமெரிக்கா என்று 1975இல் கிளம்பினார்கள். அங்கே இருப்புக் கொள்ளவில்லை. இவர்கள் பேச்சும் கிண்டலும் அந்த ஊருக்குப் புரியவில்லை. திரும்பி வந்தபோது பங்க் என்கிற புது ராக் அலை வந்துவிட்டது. 1977இல் போட்ட ஆல்பத்துக்கு, ஸ்லேடுக்கு என்ன ஆச்சு என்று அவர்களே பேர் வைத்தார்கள். யாரும் வாங்கவில்லை. நல்ல ஆல்பம் அது.

பிறகு சின்னச் சின்ன அரங்குகள், கல்லூரிகள். நீங்கள் சொல்கிற பரிதாபமான காலம் இதுதான். நால்வரும் அதே நால்வர். 1966இல் சேர்ந்தவர்கள் 1992இல் ஹோல்டர் விலகும்வரை ஒருவரும் மாறவில்லை. நினைவு தங்காத ஒரு மனிதரை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு அத்தனை வருடம் வாசித்தார்கள். நூறு பேர் இருந்த ராத்திரியிலும் பாட்டின் ஆரம்பத்தை யாரோ ஒருவர் பவலின் காதில் சொன்னார். எனக்கு எர்ல்ஸ் கோர்ட்டை விட அந்த ராத்திரிகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. உச்சத்தில் நிறுத்தியிருந்தால் இது எதுவும் இல்லை. நீங்கள் அதைக் கௌரவம் என்கிறீர்கள்.

1980இல் கிட்டார்காரர் டேவ் ஹில் கிட்டத்தட்ட விட்டேவிட்டார். கல்யாணங்களுக்குத் தன் ரோல்ஸ் ராய்ஸை வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தார். அந்த ஆகஸ்டில் ரெடிங் இசைத் திருவிழாவுக்கு ஹெவி மெட்டல் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் வர முடியாமல் போக, கடைசி நேரத்தில் ஸ்லேடைக் கூப்பிட்டார்கள். சாண்ட்லர் பேசித்தான் ஹில்லைச் சம்மதிக்க வைத்தார். எதிரே நின்றதெல்லாம் ஹெவி மெட்டல் கூட்டம். விரட்டிவிடுவார்கள் என்று பயந்து ஏறினார்கள். கூட்டம் விடவில்லை. முடிவில் கிறிஸ்மஸ் பாட்டு வேண்டும் என்று கத்தியது. ஆகஸ்ட் மாதத்தில்! நீங்களே பாடுங்கள் என்று ஹோல்டர் விட்டுவிட, அத்தனை பேரும் பாடினார்கள். தோல் ஜாக்கெட் போட்ட பையன்கள். அந்தப் பாட்டு அவர்கள் கைக்குப் போய்விட்டது என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்?

அப்புறம் 1983இல் அமெரிக்காவின் குவயட் ரயட் குழு 'கம் ஆன் ஃபீல் த நாய்ஸ்' பாட்டை எடுத்துப் பாடி அங்கே ஐந்தாம் இடம் வரை போனது. ஸ்லேட் இரண்டு வருடம் தட்டித் திறக்காத கதவு அது. 1996இல் பிரிட்டனின் ஒயாஸிஸ் குழுவும் அதே பாட்டைப் பாடினார்கள். இவற்றை எல்லோரும் சொல்வார்கள், நான் நீட்டவில்லை.

இனி 'பிழைப்பு'. அந்தச் சொல்லை நீங்கள் யோசிக்காமல் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கிறிஸ்மஸ் பாட்டு வந்த 1973 டிசம்பர் எப்படிப்பட்டது தெரியுமா? எண்ணெய் விலை ஏறி, சுரங்கத் தொழிலாளர் தகராறால் கரியும் இல்லை. பாட்டு வெளிவந்தது 7ஆம் தேதி. ஜனவரியிலிருந்து தொழிற்சாலைகளுக்கு வாரத்துக்கு மூன்று நாள்தான் மின்சாரம் என்று பிரதமர் ஹீத் 13ஆம் தேதி அறிவித்தார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த ஒரு நாடு, இனி வரப்போவதைப் பாருங்கள் என்று பாடிய அந்தப் பாட்டைப் பத்து லட்சத்துக்கு மேல் வாங்கியது. பண்டிகை முடிந்தும் ஜனவரி நடுவரை அதுதான் முதலிடம். என் கிடங்குப் பெரியவர் அப்போது பதினாறு வயதுப் பையன், பூட்டுத் தொழிற்சாலையில் முதல் வருடம். மூன்று நாள் சம்பளத்தில் அந்த இசைத்தட்டை வாங்கினார். வீட்டில் கரண்ட் இல்லை. கரண்ட் வரும்வரை உறையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன் என்று என்னிடம் சொன்னார். இதைத் தந்த நான்கு பேருக்கு ஒவ்வொரு டிசம்பரும் கொஞ்சம் பணம் போகிறது என்றால், போகட்டும். நன்றாகப் போகட்டும்.

டேவ் ஹில்லைப் பார்த்துப் பரிதாபப்படாதீர்கள். 2010இல் ஜெர்மனியில் மேடையிலேயே பக்கவாதம் வந்தது. தேறி எழுந்து மறுபடி கிட்டாரைப் பிடித்தார். 2020இல் அவரும் பவலும் பிரிந்த விதத்தில் மட்டும் எனக்கு வருத்தம் உண்டு. அவ்வளவு தூரம் தூக்கி வந்தவர்கள் கடைசியில் இறக்கி வைத்திருக்க வேண்டாம். ஹோல்டருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் வந்து, ஆறு மாதம்தான் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள் என்பதை ஐந்து வருடம் கழித்து, 2023இல்தான் அவர் மனைவி வெளியே சொன்னார். அந்தத் தொண்டை! செய்தியைப் படித்தபோது பெரியவருக்குப் போன் செய்தேன். வெகுநேரம் இருவரும் அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

மகளுக்குப் பதில் எழுதும்போது, அப்பாவை எடுத்துப் போகையில் என்ன பாட்டு வைத்தீர்கள் என்று கேட்டேன். கிறிஸ்மஸ் பாட்டாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, 'ஹவ் டஸ் இட் ஃபீல்' வைத்தோம் என்றார். 1975இல் அவர்கள் நடித்த 'ஃப்ளேம்' படத்தின் பாட்டு. பியானோவில் தொடங்கும். அப்போது பதினைந்தாம் இடத்தோடு நின்றுபோனது. படமும் அப்படித்தான்: ஒரு குழு மேலே வந்து சிதறுகிற கதையைப் பளபளப்பில்லாமல், கசப்பாக எடுத்திருந்தார்கள். சிரிக்க வந்த ரசிகர்கள் குழம்பிப் போனார்கள். நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வியை, உச்சத்தில் இருந்தபோதே அவர்கள் படமாக எடுத்துவிட்டார்கள், முகிலன்.

அதைத் தேடிப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்