பூச்சு வேலையும் டிபி பாக்ஸும்: கேள்வி பதில்

வீடு கட்டும்போது டிபி பாக்ஸை (ஒவ்வொரு அறைக்கும் கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டி) கெடாமல் காப்பது பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்தவற்றுக்கு வரிசையாகப் பதில்.

கேள்வி: அடுத்த வாரம் பூச்சு வேலை. டிபியை எப்படி மூடி வைப்பது?

பதில்: உள்ளே எம்சிபி (ஷார்ட் ஆனால் தானாக விழும் சுவிட்ச்) மாட்டியிருந்தால் முதலில் கழற்றுங்கள். சுவரில் பதிய வேண்டியது காலிப் பெட்டி மட்டும். எம்சிபி, ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்), கதவு எல்லாம் அட்டைப்பெட்டியோடு பீரோவில் இருக்கட்டும். பட்டி பார்த்து, முதல் கோட் பெயிண்ட் காய்ந்த பிறகு வரட்டும். ஒயர் இழுத்தாகிவிட்டதா? நுனிகளுக்கு டேப் சுற்றி, எந்த அறைக்குப் போகிறது என்று எழுதி, சுருட்டி உள்ளே தள்ளுங்கள். அதன் மேல் பெட்டி அளவுக்கு வெட்டிய தெர்மாகோலை இறுக்கிச் செருகுங்கள். மேலிருந்து இறங்கும் பைப் வாய்களைத் துணி வைத்து அடையுங்கள். கான்கிரீட் இறுக மாடியில் கட்டி நிறுத்தும் க்யூரிங் தண்ணீர் அந்த வழியாகத்தான் டிபிக்குள் வரும். இன்னொன்று, பெட்டியின் விளிம்பு பூச்சு மட்டத்துக்கு வர வேண்டும். உள்ளே அமுங்கிப் போனால் கதவு திறக்காது. கொத்தனார் உளியை எடுப்பார், ஒயர் வெட்டுப்படும்.

கேள்வி: பாலித்தீன் கவர் போதாதா?

பதில்: காலிப் பெட்டிக்குப் போதும். கரண்ட் ஓடும் போர்டைக் கவரில் கட்டாதீர்கள். சூடு வெளியேறாது, உள்ளேயே வேர்த்து ஈரம் நிற்கும்.

கேள்வி: டைல்ஸ் கட்டருக்குப் புது டிபியிலிருந்தே லைன் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். தற்காலிக இணைப்புக்குத் தனி போர்டு, அதில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த். வெறும் ஒயரை ப்ளக் ஓட்டையில் தீக்குச்சி வைத்துச் சொருகுபவரைத் தளத்தைவிட்டே அனுப்புங்கள்.

கேள்வி: பூச்சுக்கு முன்பே எம்சிபி மாட்டினால் வேலை மிச்சமாகுமே?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: மழைத்தண்ணீர் இறங்கி டிபி நனைந்துவிட்டது. வெயிலில் காயவைத்தால் போதும் என்கிறார் எங்கள் எலக்ட்ரீசியன்.

பதில்: போதாது. நனைந்த எம்சிபி, ஆர்சிசிபி இரண்டையும் மாற்றுங்கள்.

(அந்த எலக்ட்ரீசியனே வந்துவிட்டார்: “25 வருடமாகக் காயவைத்துத்தான் மாட்டுகிறேன், ஒன்றும் ஆனதில்லை. டெஸ்ட் பட்டனும் வேலை செய்கிறது.”)

அண்ணே, ஒன்றும் ஆகாதவரை ஒன்றும் தெரியாது. சிமெண்ட் தண்ணீர் போன ஒரு எம்சிபியை ரிவெட் உடைத்துத் திறந்து பார்த்தேன். கொக்கியைச் சுற்றிப் பல்பொடி மாதிரி சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடந்தது. லீவர் கையால் ஏறி இறங்கியது, அவ்வளவுதான். ஷார்ட் ஆனால் தானாக விழுமா என்பதைக் கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. டெஸ்ட் பட்டனும் உள்ளே இருப்பது அசைகிறது என்றுதான் காட்டும். 30 மில்லி ஆம்பியரில், உரிய நேரத்தில் விழுமா என்பது வேறு சோதனை.

(“அப்போது டிபியையே தூக்கிப் போடவா?” என்று இன்னொருவர்.)

இல்லை. இரும்புப் பெட்டியும் செம்புப் பட்டையும் துடைத்துக் காயவைத்தால் பிழைக்கும். ஒயர்களை 500 வோல்ட் மெக்கரில் (ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) பாருங்கள், குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். மெக்கர் சுற்றும் முன் எல்இடி லைட், ஏசி எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: டைல்ஸ் தூசியை ப்ளோயரால் ஊதலாமா?

பதில்: ஊதினால் தூசி எம்சிபிக்குள் போகும். வேக்குவம் வைத்து உறிஞ்சுங்கள். மெயினை அணைத்தாலும் அதற்கு மேலே வரும் ஈபி லைனில் கரண்ட் இருக்கும், கை வைக்காதீர்கள்.

கேள்வி: சோலார் இன்வெர்ட்டரை எங்கே வைப்பது?

பதில்: சோலார் போடுபவரைக் கேளுங்கள்.

கேள்வி: எம்சிபி எப்போது மாட்டுவது?

பதில்: பெயிண்ட் காய்ந்த பிறகு! மூன்றாவது முறை சொல்கிறேன்.

கேள்வி: டிபி கதவுக்கும் சுவர் நிறமே அடிக்கலாமா? எம்சிபி மாட்டியாகிவிட்டது, பூச்சு நாளைக்கு.

பதில்: கதவைக் கழற்றி வெளியே வைத்து அடியுங்கள். இரண்டாவது வாக்கியத்தை நான் படிக்கவில்லை.