நாய்க்கு உண்ணி மருந்து: கழுத்தில் விடும் சொட்டு மருந்தில் எதை வாங்குவது?

கேள்வி: கடையில் நாலைந்து பெயர் சொல்கிறார்கள். எது நல்லது அண்ணா?

பதில்: பெயரை விடுங்கள், அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தைப் படியுங்கள். ஃபிப்ரோனில் என்றால் உண்ணி, தெள்ளுப்பூச்சி இரண்டையும் கொல்லும். கூடவே மெத்தோப்ரீன் இருந்தால் தெள்ளின் முட்டையும் பொரிக்காது. இமிடாகுளோபிரிட் மட்டும் இருந்தால் தெள்ளுக்குத்தான், உண்ணி போகாது. அதோடு பெர்மெத்ரின் சேர்ந்திருந்தால் உண்ணிக்கும் வேலை செய்யும்.

கேள்வி: எங்கள் வீட்டில் பூனையும் உண்டு.

பதில்: அப்படியானால் பெர்மெத்ரின் கலந்தது வேண்டவே வேண்டாம். பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக முறிக்க முடியாது. உடம்பு நடுங்கி, வலிப்பு வந்து, உயிரே போகலாம். பூனைக்கு நேரடியாக விட்டால்தான் ஆபத்து என்றில்லை, மருந்து காயாத நாயோடு உரசிப் படுத்தாலும் ஆபத்துதான். நாய்க்கு ஃபிப்ரோனில் வாங்குங்கள், பூனைக்கு அதற்கென்றே வருவதைத் தனியாக வாங்குங்கள். முயல் வளர்த்தால் அதற்கு ஃபிப்ரோனில் விஷம், பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: பெரிய டியூப் ஒன்று வாங்கி 8 கிலோ பக், 14 கிலோ நாட்டு நாய் இரண்டுக்கும் பிரித்து விடலாமா?

பதில்: வேண்டாம். டியூபில் அளவுக்கோடு கிடையாது, சின்ன நாய்க்கு அதிகமாக விழுந்துவிடும். ஃபிப்ரோனிலில் 10 கிலோ வரை 0.67 மி.லி., 10 முதல் 20 வரை 1.34 மி.லி. என்று தனித்தனியாகவே வருகிறது. நாயை எடை போட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: மருந்து விட்டு பத்து நாள் ஆகிறது, இன்னும் உண்ணி தெரிகிறது. போலி மருந்தா?

பதில்: முதலில் ஒன்று சொல்லுங்கள், எப்போது குளிப்பாட்டினீர்கள்? இந்த மருந்து தோலின் எண்ணெயில் பரவி, எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி வேலை செய்கிறது. விடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளியல் கூடாது. முடியை விலக்கித் தோலில் படும்படி விட வேண்டும், முடிமேல் விட்டால் வீண். ஏறிய உண்ணி சாகவே இரண்டு நாள் வரை ஆகலாம். அதனால் ஒன்றிரண்டு தெரிவதை வைத்து மருந்தைக் குறை சொல்ல முடியாது.

பெரிய சிக்கல் வீட்டில் இருக்கிறது. நம் ஊர் நாய்களில் அதிகம் காண்பது பழுப்பு உண்ணி. குஞ்சு, இளம் உண்ணி, பெரியது என்று ஒவ்வொரு பருவத்திலும் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுந்து சுவர் வெடிப்பிலும் கட்டில் அடியிலும் ஒளிந்துகொள்ளும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், பெரிய உண்ணி பட்டினியாகவே பல மாதம் கிடக்கும். வெடிப்புகளைப் பூசி அடையுங்கள், படுக்கைத் துணியை வெந்நீரில் துவையுங்கள். வீட்டு நாய்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் விடுங்கள். நம் வெப்பத்தில் உண்ணி இல்லாத பருவம் கிடையாது, அதனால் மாதாமாதம் விட வேண்டும்.

கேள்வி: சார், ஐந்து வாரக் குட்டிக்கு?

பதில்: கூடாது. ஃபிப்ரோனிலுக்கு எட்டு வாரம் ஆக வேண்டும். அதுவரை தெள்ளுச் சீப்பும் இடுக்கியும்தான்.

கேள்வி: தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கலந்து தடவச் சொல்கிறார்களே?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், நக்கினால் வலிப்பு வரலாம்.

கேள்வி: உண்ணி போய்விட்டது, ஆனால் சிப்பிப்பாறை சோர்ந்தே கிடக்கிறது. ஈறு வெளுத்திருக்கிறது.

பதில்: இன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போய் ரத்தம் பரிசோதியுங்கள். உண்ணி பரப்பும் எர்லிக்கியாவாக இருக்கலாம், பபீசியாவாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு, நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். மூக்கில் ரத்தம் வந்தாலோ சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ காலை வரை காத்திருக்காமல் இரவிலேயே கிளம்புங்கள்.