ரத்தக்குழாயைத் தடுத்தால் புற்று வேறு இடத்துக்கு ஓடுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 62. பெருங்குடலில் புற்று, கல்லீரலுக்கும் வந்துவிட்டது என்றார்கள். பாளையங்கோட்டையில் கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறையிலிருந்து பெவாசிசுமாப் என்ற ஊசியையும் சேர்க்கலாம், கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய்களைத் தடுக்கும் என்கிறார் டாக்டர். அப்படித் தடுத்தால் புற்று தப்பித்து நுரையீரலுக்கு ஓடிவிடும் என்று ஒரு வீடியோவைக் காட்டி சித்தப்பா பயமுறுத்துகிறார். ஊசியைப் பாதி விலைக்கு வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார், பில் மட்டும் கிடையாதாம். என்ன செய்வது? (கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகி)

டாக்டர் சொன்னபடி ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். அந்த ஆளிடம் மட்டும் வாங்காதீர்கள். உங்களுக்கான பதில் இவ்வளவுதான். மீதியெல்லாம் சித்தப்பாவுக்காக எழுதுகிறேன்.

அவர் பார்த்த வீடியோ முழுப் பொய்யாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். 2009-இல் எலிகளை வைத்துச் செய்த இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்தபோது சில எலிகளில் புற்று அக்கம்பக்கத் திசுக்களுக்குள் புகுந்தது, வேறு உறுப்புகளுக்கும் கூடுதலாகப் பரவியது. ஆக்ஸிஜன் குறைந்தால் புற்றணுக்களுக்கு இடம்பெயரும் குணம் கூடும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த எலிகளுக்குக் கொடுத்தது தடுப்பு மருந்தை மட்டும். உங்கள் அம்மாவுக்குக் கீமோவோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். மனிதர்களிடம் நடந்த பெரிய சோதனைகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது, பெவாசிசுமாபை நிறுத்திய பிறகும்கூட நோய் வேகமெடுத்ததாகத் தெரியவில்லை. இந்தப் பாதியை வீடியோக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். சொன்னால் யார் பார்ப்பார்கள்?

இன்னொன்று. புற்று வேறு உறுப்புகளுக்குப் பரவும் முக்கிய வழிகளில் ஒன்றே ரத்தக்குழாய்தான். கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமென்றால் அதற்கென்று புதிய ரத்தக்குழாய்கள் வேண்டும், அவற்றைத் தடுத்தால் கட்டியையும் தடுக்கலாம் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-இல் எழுதினார். பல காலம் அவரை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. கட்டி அவசரத்தில் வளர்த்துக்கொள்ளும் குழாய்கள் நம் உடம்பின் மற்றக் குழாய்களைப் போல ஒழுங்காக இருக்காது. கோணல்மாணலாக ஓடும், சுவரெல்லாம் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகப் புற்றணுக்கள் ரத்தத்துக்குள் இறங்குகின்றன. குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. உங்கள் அம்மாவுக்கு அங்கே வந்ததற்குக் காரணம் அதுதான். பயாப்சி எடுத்ததாலோ கத்தி பட்டதாலோ வந்தது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இந்த ஊசி அம்மாவின் குழாய் எதையும் போய் அடைப்பதில்லை. புதுக் குழாய் முளைக்கச் சொல்லி கட்டி வெளியிடும் விஇஜிஎஃப் என்ற புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் கீமோவுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனம் தெரிந்த உங்களுக்கு இதை விளக்குவது எளிது. கரை உடைந்து கசிகிற கால்வாயில் எவ்வளவு தண்ணீர் திறந்தாலும் உடைப்பு எடுத்த இடம் சேறாகுமே தவிர கடைமடைக்கு வந்து சேராது. கட்டிக்குள்ளும் அதே கதை. கசிந்த நீரால் உள்ளே அழுத்தம் ஏறி, கீமோ மருந்து நடுப்பகுதிக்குப் போகவே முடிவதில்லை. விஇஜிஎஃப்பை அடக்கினால் கொஞ்ச காலத்துக்காவது மிச்சமிருக்கும் குழாய்கள் சீராகி மருந்து உள்ளே போகும் என்று 2001-இல் சொன்னவர் ராகேஷ் ஜெயின். அவர் டாக்டர் இல்லை, கான்பூர் ஐ.ஐ.டி.யில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். அமெரிக்காவில் இருக்கிறார், அந்த நாட்டின் தேசிய அறிவியல் பதக்கத்தை 2016-இல் ஒபாமா கையால் வாங்கினார்.

பலன் எவ்வளவு? பரவிய குடல்புற்றுக்கு 2004-இல் அமெரிக்கா இந்த மருந்தை அனுமதித்தது. அதற்கு ஆதாரமான சோதனையில், கீமோ மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேர் 15.6 மாதம் தாண்டியும், ஊசியும் சேர்த்து எடுத்தவர்களில் பாதிப் பேர் 20.3 மாதம் தாண்டியும் இருந்தார்கள். இன்றைய கீமோ அன்றையதைவிட மேல் என்பதால் கணக்கு இப்படியே பொருந்தாது. பரவிய நோயை இந்த ஊசி அடியோடு தீர்க்கும் என்று யாராவது சொன்னால் அவர் வியாபாரி.

இப்போது நான் கொஞ்சம் நீட்டப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புண் ஆறுவதற்கும் புது ரத்தக்குழாய் வேண்டும். கட்டிக்கு எதிராகப் போடும் இதே மருந்து நல்ல புண்ணையும் ஆறவிடாது. அதனால் பெரிய அறுவை ஏதாவது நடந்திருந்தால் குறைந்தது 28 நாள் கழித்து, அதுவும் காயம் முழுக்க ஆறிய பிறகுதான் ஊசி. ஊசி ஓடும்போது அறுவை வேண்டும் என்றாலும் 28 நாளாவது நிறுத்திவிட்டுத்தான். கல்லீரல் அறுவை என்றால் இன்னும் கூடுதலாகவே காத்திருப்பார்கள். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இது தெரியும். என் கவலை வெளியே நடக்கும் சின்ன வேலைகள். பல் ஆடுகிறது என்று பக்கத்துத் தெருவில் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவார்கள்; கேன்சர் மருந்து ஓடுவதைப் பல் டாக்டரிடம் மூச்சு விட மாட்டார்கள். நம் பக்கத்து அம்மாக்களிடம் இன்னொன்று உண்டு. பாம்படம் போட்டோ, கனமான கம்மல் போட்டோ காது அறுந்திருக்கும். வீட்டில் கல்யாணம் வருகிறது, காதைத் தைத்துக்கொண்டால் புதுக் கம்மல் போடலாம் என்று கிளம்பிவிடுவார்கள். நாலு தையல்தானே என்று தோன்றும். அந்த நாலு தையலும் சேராமல் சீழ் பிடித்து, அதற்காகக் கீமோவையும் தள்ளிப்போட வேண்டி வரலாம். பல்லோ காதோ முதல் ஊசிக்கு முன்பே முடித்து, ஆறவைத்து, டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள். இல்லையென்றால் ஊசி முடியும்வரை வேண்டாம். கீமோ மருந்து ஏற்ற நெஞ்சில் தோலுக்கடியில் போர்ட் என்ற சின்னக் கருவியை வைப்பது சின்ன வேலைதான். எத்தனை நாள் இடைவெளி என்று டாக்டரே சொல்வார்.

பாதி விலைக்காரருக்கு வருவோம். விலை குறைவு என்பது மட்டும் சந்தேகத்துக்குரியதல்ல. 2016-லிருந்து இந்திய நிறுவனங்களே இதே மருந்தைத் தயாரிக்கின்றன. வெளிநாட்டுச் சரக்கைவிட நிச்சயம் மலிவு, டாக்டர் சம்மதித்தால் தாராளமாக வாங்கலாம். பில் இல்லை என்பதுதான் ஆபத்து. 2012-இல் அமெரிக்காவிலேயே இந்த மருந்தின் போலிக் குப்பிகள் பிடிபட்டன. உள்ளே மருந்தே இல்லை. 2024-இல் டெல்லியில் ஒரு கும்பல் மாட்டியது. காலிப் புற்றுமருந்துக் குப்பிகளை வாங்கி, வேறு மலிவு மருந்தை நிரப்பி விற்றிருக்கிறார்கள். நீங்கள் வாங்கும்போது பில்லில், அட்டைப்பெட்டியில், குப்பியில் மூன்றிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து இது. ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, குலுக்கக் கூடாது. சித்திரை வெயிலில் தூக்குப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்து நீட்டுகிறவரிடம் அசல் மருந்தே இருந்தாலும் பிரயோஜனமில்லை. ஊசி போட்டதும் குப்பியின் லேபிளைப் பேனாவால் அடித்துவிடச் சொல்லுங்கள், அட்டையைக் கிழித்துப் போடுங்கள். காலிக் குப்பிக்கும் ஆள் காத்திருக்கிறான்.

இதே ஆள் நாளைக்கு சுறா எலும்பு மாத்திரையும் கொண்டுவருவார். குருத்தெலும்பில் ரத்தக்குழாய் கிடையாது, சுறாவுக்குப் புற்றே வராது என்று கதை சொல்வார். சுறாவுக்கும் புற்று வரும். அந்தக் குருத்தெலும்புச் சாற்றை நுரையீரல் புற்று நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை என்று 2010-இல் முடிவு வந்தது. தூத்துக்குடிக்குப் போனால் சுறாப்புட்டு சாப்பிடுங்கள், அதோடு சரி.

இப்படிப்பட்டவர்களுக்கு ஏன் இடம் கிடைக்கிறது என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஓ.பி.யில் ஒரு நோயாளிக்கு நாலு நிமிஷம். இவ்வளவு பெரிய மருந்தைப் பற்றி ஒரு வரி, அப்புறம் சம்மதப் படிவத்தில் கையெழுத்து. காப்பீட்டு அனுமதிக்குக் காத்திருந்து கீமோ தேதியே தாண்டிப் போகிறது, கேட்டால் சர்வர் வேலை செய்யவில்லை என்கிறார்கள். அந்த வராந்தாவில்தான் ஏஜென்ட் வந்து பக்கத்தில் உட்காருகிறான். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்கலாம். அட்டை இருக்கிறது என்பதோடு நிற்காமல், இந்த நோய்க்கு இந்த மருந்து அதில் வருமா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டரில் ஊசித் தேதிக்கு முன்பே கேளுங்கள். வராது என்றால் கவுண்டரைவிட்டு நேராக டாக்டரிடமே திரும்பிப் போய், மலிவான இந்தியத் தயாரிப்பு எது, கீமோ மட்டும் போதுமா என்று கேளுங்கள்.

ஒவ்வொரு ஊசிக்கும் முன் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், அவ்வப்போது சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறினால் மாத்திரை கொடுத்துச் சமாளிப்பார்கள். ஆனால் திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி, நிற்காத ரத்தப்போக்கு, ரத்த வாந்தி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி இவற்றில் எது வந்தாலும் வாய்வு என்று ஓமத்தண்ணீர் கொடுத்துவிட்டு உட்காராதீர்கள். ராத்திரியானாலும் கேஷுவால்டிக்குப் போய், பெவாசிசுமாப் ஓடுகிறது, கடைசி ஊசி இந்தத் தேதி என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.