யுத்தம் கர்த்தருடையதுன்னா இஸ்ரவேல் ஏன் தோத்துச்சு?

கேள்வி: எங்க சபைல வாலிபர் வேதபாடம் நான்தான் எடுக்கிறேன். போன வாரம் தாவீது கோலியாத் கதை. "யுத்தம் கர்த்தருடையது"ன்னு வாசிச்சதும் ஒரு பையன், அப்படின்னா இஸ்ரவேல் ஏன் அத்தனை தடவை தோத்துச்சு, கடவுள் எந்தப் பக்கம்தான்னு கேட்டுட்டான். பாவம் பண்ணதாலன்னு ஒரு வரில சமாளிச்சேன், எனக்கே திருப்தி இல்ல. அடுத்த ஞாயிறு ஒரு மணி நேரம் இருக்கு, எந்தப் பகுதிய எடுக்கலாம்?

பதில்: சிஸ்டர், அந்தப் பையன விட்டுடாதீங்க, நல்ல கேள்வி கேட்டிருக்கான். எங்கயும் தேட வேணாம், அதே 1 சாமுவேல் புஸ்தகத்துல கோலியாத்துக்கு பதிமூணு அதிகாரம் முன்னாடி போங்க, அதே பெலிஸ்தர்தான் எதிரி, நாலாவது அதிகாரம்.

மொத நாள் சண்டைல இஸ்ரவேல் பக்கம் நாலாயிரம் பேர் செத்துப் போறாங்க. பாளயத்துக்குத் திரும்பி வந்த மூப்பர்கள் என்ன கேக்கறாங்கன்னு பாருங்க, பெலிஸ்தர் எப்படி நம்மள அடிச்சாங்கன்னு கேக்கல, கர்த்தர் ஏன் இன்னைக்கு நம்மள முறியடிச்சார்னு கேக்கறாங்க. தோல்வியும் அவர் கையிலதான்னு அவங்களுக்கு நல்லாவே தெரியுது. ஆனா கேட்ட கேள்விக்குப் பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கல, யார்கிட்டயும் விசாரிக்கல, நேரா பெட்டி இருந்த சீலோங்கிற ஊருக்கு ஆளனுப்பி, கர்த்தர் கூட இருக்கார்ங்கிறதுக்கு அடையாளமான உடன்படிக்கைப் பெட்டிய தூக்கிட்டு வந்துட்டாங்க, அது வந்தா காப்பாத்தும்னு. பெட்டியப் பாத்ததும் பூமி அதிர்ற மாதிரி ஆர்ப்பரிப்பு. பெலிஸ்தர் பயந்து போறாங்க, தேவன் பாளயத்துல வந்துட்டார்னே சொல்றாங்க, அப்புறம் பயத்துலயே இன்னும் மூர்க்கமா சண்டை போடறாங்க. இந்தத் தடவை முப்பதாயிரம் பேர் காலி, சீலோ ஆசாரியன் ஏலியோட ரெண்டு பசங்களும் காலி, பெட்டியும் போச்சு.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்துங்க, உடனே விளக்கம் குடுக்காதீங்க. அந்தக் காலத்துக் கணக்குப்படி ஒரு ஜனம் தோத்தா அவங்க தெய்வமும் தோத்தது. அதனாலதான் பெலிஸ்தர் பெட்டிய அவங்க ஊரு அஸ்தோத்துக்குக் கொண்டுபோய் அவங்க தெய்வம் தாகோன் கோயில்ல வெக்கறாங்க, ஜெயிச்ச கோப்பை மாதிரி. மறுநாள் காலைல தாகோன் குப்புற விழுந்து கிடக்குது, தூக்கி நிறுத்தறாங்க, அதுக்கு அடுத்த நாள் தலையும் கையும் தனியா கிடக்குது. ஏழு மாசம் பெலிஸ்த நாட்டுல இஸ்ரவேல் சிப்பாய் ஒருத்தன்கூட இல்லாம இது நடக்குது. இஸ்ரவேல் தோத்தது நிஜம், அவர் தோக்கல, ரெண்டையும் ஒரே கதைல வெச்சிருக்காங்க.

இப்ப அந்த வசனத்தத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்க. யுத்தம் கர்த்தருடையதுன்னுதான் இருக்கு, நாமதான் அத, கர்த்தர் நம்முடையவர், நாம போற சண்டைக்கெல்லாம் கூட வந்தே ஆகணும்னு மாத்திப் படிச்சுக்கறோம் (வருஷப் பொறப்பு வாக்குத்தத்த அட்டைல யுத்த வசனம் வந்தா உடனே பக்கத்து வீட்டு வாய்க்கால் தகராறு ஞாபகம் வர்றது நம்ம ஆளுங்களுக்கு மட்டும்தான்னு நெனைக்கிறேன்). எந்தப் பக்கம்ங்கிற கேள்விக்கு யோசுவா 5ல நேரடியாவே பதில் இருக்கு. எரிகோ பக்கத்துல உருவின பட்டயத்தோட நிக்கறவர்கிட்ட யோசுவா, நீர் எங்க ஆளா எதிரி ஆளான்னு ரெண்டே சாய்ஸ் குடுத்துக் கேக்கறாரு. வர்ற பதில் "அல்ல". எபிரெயுல லோ, ஒரே அசை. நான் கர்த்தருடைய சேனையின் அதிபதியா வந்திருக்கேன்ங்கறாரு, யோசுவா செருப்பக் கழட்டறாரு. எரிகோவப் புடிக்கிறதுக்கு முன்னாடியே இது வந்துடுது, அத கவனிங்க.

அடுத்து எரேமியா 7. கி.மு. 701ல அசீரிய ராஜா சனகெரிப் வந்து யூதாவோட அரணான பட்டணங்களையெல்லாம் புடிச்சும் எருசலேம் மட்டும் விழல. அதுக்கப்புறம் ஆலயம் இருக்கிற ஊர யாரும் தொட முடியாதுங்கிற நெனப்பு ஊறிப்போச்சு. தீர்க்கதரிசி எரேமியா ஆலய வாசல்ல நின்னு கர்த்தரோட வார்த்தையா என்ன சொல்றாரு, சீலோவுக்குப் போய்ப் பாருங்க, அதுக்கு என்ன பண்ணேன்னு பாருங்கன்னு. அதே சீலோ, பெட்டி கிளம்பின ஊரு. 25ஆம் அதிகாரத்துல பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார என் ஊழியக்காரன்னே கர்த்தர் சொல்றாரு, கி.மு. 586ல அவன் படை ஆலயத்தக் கொளுத்துது. தன் ஜனத்தோட தோல்வியையே தன் வேலைன்னு சொல்ற தெய்வம். முழுக்கப் புதுசான நெனப்பும் இல்ல, மோவாப் ராஜா மேசாவும் அப்படித்தான் கல்வெட்டு வெட்டியிருக்கான், எங்க தெய்வம் காமோஸ் தன் தேசத்து மேல கோபமா இருந்ததால இஸ்ரவேல் ராஜா உம்ரி எங்கள ஒடுக்கினான்னு (இப்ப பாரிஸ் லூவர் மியூசியத்துல இருக்கு). ஆனா அவன் அத எழுதினது ஜெயிச்சதுக்கப்புறம். எரேமியா அழிவு வர்றதுக்கு முன்னாடியே, சொந்த ராஜாவுக்கு எதிராவே நின்னு சொல்லி அடிவாங்கினாரு.

நீங்க சொன்ன "பாவம் பண்ணதால" தப்பில்ல, கர்த்தரோட காணிக்கையையே அவமதிச்ச ஏலி பசங்க கதைக்குப் பொருந்தும். ஆனா அத ஃபார்முலாவா குடுத்தா யோசியா வந்து இடிப்பாரு. அவ்வளவு நல்ல ராஜா, விக்கிரகத்தையெல்லாம் உடைச்சவரு, மெகிதோல எகிப்து ராஜா நேகோகிட்ட அடிபட்டு சாகறாரு. 2 நாளாகமம் 35:22 சொல்ற காரணத்த சத்தமா வாசிங்க, தேவனுடைய வாயிலிருந்து வந்த நேகோவோட வார்த்தைய அவர் கேக்கலையாம். பார்வோன் வாயில தேவ வார்த்தை! நம்ம பக்கம் அவங்க பக்கம்ங்கிற கோடு அங்க சுத்தமா அழிஞ்சுடுது.

எரிகோல குழந்தைங்கள ஏன் கொன்னாங்கன்னு யாராவது கேப்பாங்க, கண்டிப்பா கேப்பாங்க. மழுப்பாதீங்க. புடிச்ச ஊர்ல இருக்கிறவங்கள தெய்வத்துக்குன்னு சொல்லி மொத்தமா கொல்ற, சங்காரத்துக்குன்னு அர்ப்பணிக்கிற அந்த வழக்கம் மேசா கல்வெட்டுலயும் இருக்கு, அந்தக் காலத்துப் போர் மொழி அதுன்னு சொல்லலாம், ஆனா அது நியாயப்படுத்தறது ஆகாது, எனக்கும் அந்தப் பகுதி இன்னும் இடிக்குதுன்னு நான் கிளாஸ்லயே சொல்லிடுவேன். அதுக்குத் தனியா ஒரு வாரம் வெச்சுக்கோங்க.

ஒரு மணி நேரத்துல பாதிய 1 சாமுவேல் 4க்கும் 5க்குமே குடுத்துடுங்க, அப்புறம் யோசுவா, கடைசில யோசியா, எரேமியாவ நீங்களே கதையா சொல்லிடுங்க. டைம் மிஞ்சினா ஆறாம் அதிகாரம். பெட்டி இருந்த ஊர்கள்ல மூலவியாதி வாதை வந்து பயந்துபோன பெலிஸ்தர், பெட்டியோட அஞ்சு பொன் எலியும் அஞ்சு பொன் மூலவியாதி சுரூபமும் வெச்சு மாட்டுவண்டில அனுப்பற இடத்துல பசங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க, சிரிக்கட்டும். வண்டி பெத்ஷிமேசுக்கு வந்து, இஸ்ரவேல் ஆளுங்களே பெட்டிக்குள்ள எட்டிப் பாத்து சாகற 19ஆம் வசனத்த அந்தக் கேள்வி கேட்ட பையனையே வாசிக்கச் சொல்லுங்க.