டொஸ் நிரல்களும் பழைய விண்டோஸும்: வன்னி வாசகர்களின் கேள்விகள்

வன்னியில் ஓடுகிற கணினிப் பெட்டியை எவரும் எறிவதில்லை. நெல் கணக்குக்கென யாரோ கிளிப்பர் என்ற நிரல்மொழியில், விண்டோஸுக்கு முந்திய இயங்குதளமான டொஸுக்கென எழுதிக் கொடுத்த நிரல் இன்னும் உழைக்கிறது. எழுதியவர்தான் எந்த நாட்டில் என்று தெரியவில்லை. இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் அந்தப் பெட்டிகளைப் பற்றியவை.

கிளிநொச்சி அரிசி ஆலை ஒன்றிலிருந்து: விண்டோஸ் 95இல் பற்றுச்சீட்டை அச்சிடக் கொடுத்தால், நிரலை மூடும்வரை பிரிண்டர் அசைவதில்லை.

பிரிண்டரில் கோளாறு இல்லை. நிரல் அனுப்புவதை விண்டோஸ் இடைமறித்து, முழுவதும் வந்து முடியட்டும் என்று காத்திருக்கிறது. பிரிண்டரின் பண்புகளில் போர்ட் அமைப்பைத் திறந்து, டொஸ் அச்சு வேலைகளை ஸ்பூல் செய்யும் (சேர்த்துவைத்து அனுப்பும்) பெட்டியில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். அடுத்த சீட்டு உடனே வரும்.

முல்லைத்தீவு வாசகர்: தனி டொஸில் ஓடும் நிரல், விண்டோஸ் 3.1க்குள் போனால் நினைவகம் போதாது என்கிறது. இயந்திரத்தில் 8 மெகாபைட் இருக்கிறதே?

உங்கள் 8 மெகாபைட்டில் டொஸ் நிரல் நேரடியாகத் தொடக்கூடியது முதல் 640 கிலோபைட் மட்டுமே. 386 சில்லுக்கான முறையில் ஓடும்போது விண்டோஸ் ஒவ்வொரு டொஸ் நிரலுக்கும் ஒரு போலிக் கணினியைக் கட்டிக் கொடுக்கிறது. இயந்திரம் தொடங்கும்போது ஓடும் ஓட்டோஎக்செக் கோப்பு விண்டோஸுக்கு முன்பே ஏற்றிவைத்த எல்லாமே அந்த ஒவ்வொரு போலிக் கணினிக்குள்ளும் இடம் பிடிக்கும். மெம் கட்டளையை /சி உடன் கொடுத்துப் பாருங்கள். யார் எவ்வளவு விழுங்கியிருக்கிறார் என்பது தெரியும்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில், கொடுத்த கட்டளைகளை நினைவில் வைக்கும் டொஸ்கீயும், தமிழ் எழுத்தைத் திரைக்கு ஏற்றும் சிறு நிரலும் உள்ளன. இரண்டையும் ஓட்டோஎக்செக்கிலிருந்து எடுத்து, கணக்கு நிரலைத் தொடக்கும் ஒரு பேட்ச் கோப்பில் (வரிசையாக ஓடும் கட்டளைகளின் கோப்பில்) அதற்கு முன்வரியாகத் தமிழ் நிரலை மட்டும் எழுதுங்கள். ஒரு டொஸ் நிரலை எப்படி ஓட்டுவது என்று விண்டோஸுக்குச் சொல்லும் பிஃப் கோப்பு அந்தப் பேட்ச் கோப்பைச் சுட்டட்டும். ஒரு நிரலின் தேவையை அதன் பிஃபிலேயே தீர்ப்பதுதான் என் வழக்கம். அதற்காக முழு இயந்திரத்தையும் மாற்றினால் மற்றொன்று கெடும். இன்னொன்று: சிறு சாளரத்துக்குள் தமிழ் தெரியாது, அங்கே விண்டோஸ் தன் எழுத்துருவால்தான் வரையும். ஆல்ட், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்தி முழுத்திரைக்குப் போங்கள்.

மல்லாவி: டொஸ் நிரல் சும்மா இருந்தாலும் மற்றவை நத்தையாகின்றன.

இரணைமடுக் குளத்து நீரில் பயிரிடும் கமக்காரருக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். வயல் நிறைந்த பின்பும் மடையை அடைக்காதவர் போன்றது இந்த நிரல். விசை அழுத்தப்பட்டதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே நேரத்தை எடுக்கிறது. விண்டோஸ் 95 என்றால் நிரலின் பண்புகளில் ஓய்வு உணர்திறனைக் கூட்டுங்கள். 3.1 என்றால் பிஃபில் ஓய்வு நேரத்தைக் கண்டறியும் தெரிவை இயக்குங்கள்.

புதுக்குடியிருப்பு ஆசிரியர்: பழைய டர்போ பாஸ்கல் நிரல், வேகமான இயந்திரத்தில் "பிழை 200" என்று நின்றுவிடுகிறது.

பிழை 200 என்றால் பூச்சியத்தால் வகுத்தல். ஆனால் இங்கே எவரும் பூச்சியத்தால் வகுக்கவில்லை. நிரல் தொடங்கும்போது, 55 மில்லி விநாடியில் ஒரு சுற்றை எத்தனை முறை ஓட்டலாம் என்று எண்ணி 55ஆல் வகுக்கிறது. வேகமான சில்லில் அந்த விடை 65,535ஐத் தாண்டிவிடும். கொள்ளாத விடையைச் சில்லு அதே பிழையாக அறிவிக்கிறது. விண்டோஸை மீண்டும் நிறுவி நாளை வீணாக்காதீர்கள். மூல நிரல் கையில் இருந்தால் இந்தக் கணக்கைச் செய்யும் சிஆர்டி அலகின் திருத்திய வடிவுடன் மறுபடி தொகுக்கலாம். இல்லையேல் நிரல் கோப்பையே ஒட்டுப்போட வேண்டும், முதலில் ஒரு பிரதி எடுத்துவிட்டு.

பரந்தன்: மின்சாரம் போனால் பதிவுகள் கெடுகின்றன.

கண்டி வீதியில் வரும் பஸ் முறிகண்டியில் நின்றுதான் கிளிநொச்சிக்குப் போகும். வட்டு வேலையை விரைவாக்கும் ஸ்மார்ட்டிரைவ் நிரலிலும் அப்படித்தான்: எழுதக் கொடுத்த தரவு நினைவகத்தில் ஐந்து விநாடி வரை தங்கிவிட்டு வட்டுக்குப் போகும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் போனதுதான். டொஸ் 6.2இல் இந்தத் தங்கலை நிறுத்த ஸ்மார்ட்டிரைவ் வரியில் /எக்ஸ் சேர்த்துவிடுங்கள். வேகம் சற்றுக் குறையும், பரவாயில்லை. விண்டோஸ் 95இல் கோப்பு முறைமையின் பழுதுநீக்கப் பக்கத்தில் இப்படித் தாமதித்து எழுதும் பின்னெழுதலை நிறுத்தலாம்.

எனக்கு இது வவுனியாவில் ஓர் ஆலையில் விளங்கியது. ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்து வெளிச்சம் போனது. திரும்ப வந்தபோது கடைசி மூட்டைகளின் பதிவுகள் கோப்பில் இருந்தன, அவற்றைத் தேடித்தரும் சுட்டிக் கோப்பில் இல்லை. சுட்டியை மீண்டும் கட்டி முடிக்கும்வரை விவசாயிகள் வாசலில் மூட்டைகளின் மேல் அமர்ந்திருந்தார்கள்.